சௌனாவுக்கு வராத மருமான்

— ‘சௌனா சூடாயிடுச்சு, வேர்வைக் குளியலுக்கு வாடா’ன்னு கூப்பிட்டேன். ‘இல்ல மாமா, நீங்க போங்க. எனக்குத் தோல்ல அரிப்பு’ன்னான். ‘எங்க, காட்டு’ன்னேன். ‘அது… அங்கங்க இருக்கு’ன்னான். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் படியில உக்காந்து ஏரியையே பாத்துக்கிட்டிருந்தான்.

— ரெய்யோ, நான் உன்னைக் கேட்டது என்ன? ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் குழாயை ஒளிச்சு வச்சிருக்கியே, அது என்னன்னு கேட்டேன். நீ என்னடான்னா உன் தங்கச்சி மகன் நீலோ சௌனாவுக்கு வரலைன்னு கதை சொல்ற.

— அதைத்தான் சொல்லிக்கிட்டு வரேன். நீ அந்த முனையைப் பிடி. இந்தக் கம்பளம் தண்ணி குடிச்சுப் பசுமாடு கனம் கனக்குது.

— பிடிச்சிட்டேன். சொல்லித் தொலை. குழாயைப் பாத்ததுலேருந்து எனக்குப் பயமாவே இருக்கு. புத்துநோய்க்கு ஏதாவது பரிசோதனையா?

— சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீயே யோசிச்சுப் பாரு இர்மெலி. நடுக்கோடைப் பண்டிகை. குடும்பமே ஏரிக்கரையில கூடியிருக்கு. அன்னிக்குப் போய் சௌனா வேணாம்னு சொன்ன ஆம்பளை எத்தனை பேரை நீ உன் வாழ்க்கையில பாத்திருக்க?

— ஒரே ஒருத்தனை.

— யாரு?

— உன்னைத்தான். நமக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லாம இருந்தப்போ. சூடு பட்டா விந்தணு செத்துப்போகும்னு எவனோ பத்திரிகையில எழுதினதைப் படிச்சிட்டு, ஒரு வருஷம் பூரா அந்தப் பக்கமே நீ தலை வச்சுப் படுக்கல. கேட்டவங்ககிட்ட எல்லாம் தோல்ல அரிப்பு, தோல்ல அரிப்புன்னு… அட கடவுளே. நீலோவுக்குமா?

— அதேதான். இத்தனை வருஷம் கழிச்சும் ஆம்பளைங்களுக்குப் புதுசா ஒரு பொய் கண்டுபிடிக்கத் தெரியல பாரு.

— எங்க அக்கா உனக்குக் களிம்பு வாங்கிட்டு வந்து குடுத்தா.

— தினமும் பூசிக்கிட்டேன். வேற வழி?

— சிரிக்க வைக்காத. கையிலேருந்து பிரஷ் நழுவுது. சரி, அப்புறம்?

— அப்புறம் நானும் உள்ள போகல. அவன் பக்கத்துல போய்ப் படியில உக்காந்தேன். ‘நீலோ, சூடு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரா?’ன்னு கேட்டேன். பையனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவனும் அவன் பொண்டாட்டி பின்யாவும் மூணு வருஷமா பிள்ளைக்கு முயற்சி பண்றாங்களாம். பரிசோதனை பண்ணிப் பாத்தா, அவன் விந்துல ஒரு அணுகூட இல்லையாம்.

— ஒண்ணுகூடவா?

— என்னை மாதிரியே.

— மெதுவாப் பேசு. இது ஊர்ப் பொதுத் துவைதுறை, பக்கத்துத் தொட்டிகிட்ட ஆளுங்க இருக்காங்க.

— அவங்க ஊர் சுத்திப் பாக்க வந்த ஜெர்மன்காரங்க. நாம பேசுறது அவங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. கம்பளம் துவைக்கிறதை ஏதோ பெரிய அதிசயம் மாதிரி படம் எடுத்துக்கிட்டு இருக்காங்க. நீ சும்மா ஒரு கையை ஆட்டிடு.

— ஆட்டியாச்சு. சோப்பு போடு அந்த ஓரத்துல. இன்னும் கொஞ்சம். ஆமா, நடுக்கோடை முடிஞ்சு இத்தனை வாரம் ஆச்சே, இதை ஏன் என்கிட்ட சொல்லல?

— நேரம் அமையல.

— ஒரே வீட்டுல, ஒரே படுக்கையில, ஒரே மேசையில சாப்பிடுற பொண்டாட்டிகிட்ட சொல்ல நேரம் அமையல.

— கை வேலையா இருந்தாத்தான் எனக்குப் பேச வரும்னு உனக்குத் தெரியாதா? அதான் கம்பளத்தையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்தேன்.

— நானும் நினைச்சேன், என்னடா இது, மனுஷன் தானா வந்து கம்பளம் துவைக்கலாம்கிறானேன்னு. சரி. குழாய்?

— அது எச்சில் துப்பி அனுப்புறதுக்கு.

— எச்சிலா?

— கேளு. நீலோவோட ரத்தத்தை எடுத்து ஜீன் பரிசோதனை பண்ணியிருக்காங்க. எக்ஸ் குரோமோசோம்ல ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்காம். அந்த ஜீன்தான் விந்தணுவை வளர்க்கிற வேலையைப் பாக்குறதாம். அது கெட்டுப்போயிருந்தா அணு பாதி வளர்ச்சியிலேயே நின்னு அழிஞ்சுடும். ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் அம்மாகிட்டேருந்துதான் வரும்.

— அப்போ அவன் அம்மா மார்கெத்தாகிட்டேருந்தா?

— ஆமா. ஆனா என் தங்கச்சிக்கு ரெண்டு எக்ஸ் இருக்கிறதால அவளை ஒண்ணும் பண்ணல. அவளுக்கு எங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கணும். எங்க அம்மாகிட்டேருந்து அவளுக்கு வந்தது…

— உனக்கும் வந்திருக்கலாம்.

— அதேதான்.

— ரெய்யோ.

— ம்.

— அந்தக் காலத்துல எத்தனை டாக்டருங்களைப் பாத்தோம். ஒருத்தர்கூட காரணம் சொல்லல. ‘சில பேருக்கு இப்படித்தான்’னு கையை விரிச்சாங்க. நீ என்னவெல்லாம் சொல்லி உன்னையே திட்டிக்கிட்ட! பட்டாளத்துல பனியில படுத்ததால வந்தது, சின்ன வயசுல அம்மைக்கட்டு வந்ததால வந்தது, பஸ் ஓட்டுறப்போ எஞ்சின் சூட்டுக்கு மேலேயே உக்காந்ததால வந்ததுன்னு.

— ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்து, இர்மெலி. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே மாறினது. நான் ஒண்ணுமே பண்ணல.

— நீ ஒண்ணுமே பண்ணலன்னு நான் அப்பவே சொன்னேன்.

— நீ சொன்ன. நான்தான் நம்பல. சரி, பிழியுற உருளையைச் சுத்து, நான் கம்பளத்தை உள்ள விடறேன். பிழிஞ்சு முடிச்சுட்டு மிச்சத்தைச் சொல்றேன்.

— பேசிக்கிட்டே பிழியலாம். விரலைப் பாத்து! அப்போ எச்சிலைத் துப்பி அனுப்பிட வேண்டியதுதானே. இதுல ஒளிக்க என்ன இருக்கு?

— துப்புறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காபி குடிக்கக் கூடாதாம்.

— அதனால?

— அமையல.

— நடுக்கோடை முடிஞ்சதுலேருந்து அரை மணி நேரம் காபி குடிக்காம உன்னால இருக்க முடியலையா? நீ தூங்குறப்போகூடவா குடிக்கிற?

— எழுந்த உடனே குடிச்சிடறேனே.

— ரெய்யோ, என் முகத்தைப் பாரு. இது காபி விஷயம் இல்ல.

— இல்ல.

— சொல்லு.

— அந்த ஜீன் ஆலோசகர் அம்மா நீலோகிட்ட ஒண்ணு கேட்டிருக்காங்க. அந்த எழுத்து மாற்றம் ரொம்ப அபூர்வமானதாம். அதுதான் குற்றவாளியா, இல்ல சும்மா பக்கத்துல நின்ன அப்பாவியான்னு அவங்களுக்கே தெரியலையாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி தாய்மாமன்தானாம். ‘உங்க தாய்மாமா உயிரோட இருக்காரா?’ன்னு கேட்டாங்களாம். ‘இருக்காரு’ன்னானாம். ‘அவருக்குப் பிள்ளை இருக்கா?’ன்னு கேட்டாங்களாம்.

— ஐயோ.

— ‘இருக்கே, ஹெய்னின்னு ஒரு பொண்ணு, அப்படியே மாமாவை உரிச்சு வச்சிருக்கும்’னு பெருமையா சொல்லிட்டு வந்திருக்கான். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கலையாம். ‘அப்போ மாமாவுக்கும் இதே மாற்றம் இருந்து, அவருக்குப் பிள்ளையும் பிறந்திருந்தா, இந்த ஜீன் நிரபராதி. உங்களுக்கு அறுவை சிகிச்சை பண்ணித் தேடினா அணு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

— ஆனா ஹெய்னி உனக்குப் பிறந்தவ இல்லையே!

— மெதுவா!

— ஜெர்மன்காரங்கன்னு நீதானே சொன்ன!

— இருந்தாலும்… முப்பது வருஷத்துல இந்த வார்த்தையை இப்பதான் உன் வாயால கேக்குறேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

— எனக்கும்தான்.

— உக்காரு. அந்த மரப் பலகையில உக்காரு. கம்பளம் எங்கயும் ஓடிடாது.

— ஹெல்சின்கி டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் காதுல கேக்குது. ‘யாரோ ஒரு நல்ல மனுஷன் தானமாக் குடுத்தது. வீட்டுக்குப் போங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. குழந்தைகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. நீங்களே மறந்துடுவீங்க.’

— நீ மறந்தியா?

— அவ பிறந்த அன்னிக்கு மறந்தேன். நீ அவளை முதமுதல்ல கையில வாங்கினியே, அப்ப. அப்புறம் யாராவது ‘அப்பா மாதிரியே இருக்கா’ன்னு சொல்றப்பல்லாம் ஞாபகம் வந்தது. நீலோவுக்கு அறுவை எப்போ?

— ஆகஸ்ட் கடைசியில. விதையைக் கீறி, உள்ள எங்கயாவது ஒரு அணுவாவது உயிரோட இருக்கான்னு மைக்ராஸ்கோப் வச்சுத் தேடுவாங்களாம். அவனுக்கு இருக்கிறதும் எனக்கு இருக்கிறதும் ஒண்ணுன்னா, தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது. வீணா வலி, வீணா நம்பிக்கை. நான் எச்சிலை மட்டும் அனுப்பிட்டுச் சும்மா இருந்தா, என் எச்சிலே அந்தப் பையன்கிட்ட பொய் சொல்லும்.

— நீ அனுப்பாமலும் இருக்க முடியாது.

— அதான் காபி குடிச்சுக்கிட்டே இருந்தேன்.

— பின்யா என்ன சொல்றா?

— அவ பாவம். ‘வேற ஒருத்தரோட விந்தணு வாங்கிப் பெத்துக்கலாமே’ன்னு ரெண்டு தடவை மெதுவாக் கேட்டுப் பாத்திருக்கா. இவன் கதவை அறைஞ்சிட்டு வெளிய போயிட்டானாம். என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? ‘மாமா, உங்களையும் ஹெய்னியையும் பாத்துப் பாத்து வளந்தவன் நான். ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒரு தோளைச் சாய்ச்சு நடப்பீங்க. ஒரே மாதிரி வாயை மூடிக்கிட்டே சிரிப்பீங்க. எங்க அப்பா எங்களை விட்டுட்டுப் போனப்பறம், அப்பான்னா இப்படித்தான் இருக்கணும்னு உங்களைப் பாத்துத்தான் நான் நினைச்சுக்கிட்டேன். அது ரத்தம் மாமா. எனக்கு அது வேணும். எவனோ ஒருத்தனோட பிள்ளைகிட்ட அது எனக்கு எப்படிக் கிடைக்கும்?’னு கேட்டான்.

— நீ என்ன சொன்ன?

— சௌனா அடுப்புல விறகு தீந்துபோச்சான்னு பாக்கப் போயிட்டேன்.

— ரெய்யோ! உலகத்துலயே அந்தப் பையனுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆம்பளை நீதான். நீ போய் விறகு பாத்தியா?

— உன்னைக் கேக்காம எப்படிச் சொல்றது? சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணினது நீ.

— நானா?

— நீதான்.

— நான் எப்ப முடிவு பண்ணினேன்? முடிவு பண்ணினது நீ! ஹெய்னி பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச வருஷம், அவ நம்ம தோட்டத்துப் புல்லுல விளையாடிக்கிட்டிருந்தா. நான் உன்கிட்ட, ‘ரெய்யோ, இவகிட்ட ஒரு நாள் நாம…’ன்னு ஆரம்பிச்சேன். நீ விருட்டுன்னு எழுந்து போய் உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பிச்சிட்ட.

— தோண்ட வேண்டியிருந்தது.

— ஜூன் மாசத்துலயா? கிழங்கு கோலிக்குண்டு அளவுகூட இல்ல. ஒரு வாளி நிறைய அதைக் கொண்டுவந்து வச்ச. நான் அதைப் பாத்துட்டு, ‘சரி, இந்த மனுஷனுக்கு இதைப் பேசினா தாங்காது, இனிமே வாயைத் திறக்கக் கூடாது’ன்னு முடிவு பண்ணினேன்.

— நான் உனக்காகத்தான் எழுந்து போனேன்.

— எனக்காகவா?

— நீ அழுதுடுவியோன்னு பயந்தேன். உன் குரல் அப்படி இருந்தது. அப்புறம்… விஷயம் வெளிய தெரிஞ்சா ஊர்ல உன்னைத்தான் பேசுவாங்க. ‘ஆஸ்பத்திரியாம் டாக்டராம், அவ எவன்கிட்ட போனாளோ’ன்னு பேசுவாங்க. அந்தப் பேச்சை நீ கேக்கக் கூடாது. அவ்வளவுதான்.

— அதுக்காகவா வாயை மூடிக்கிட்ட? நான் உன் ஆம்பளை கௌரவம்னு நினைச்சு மூடிக்கிட்டேன்.

— எனக்கு என்ன கௌரவம்? களிம்பு பூசிக்கிட்டு அலைஞ்சவன் நான்.

— ரெண்டு முட்டாளுங்க. ஒருத்தருக்காக ஒருத்தர் வாயை மூடிக்கிட்டு ஒரு ஆயுசையே ஓட்டிட்டோம். நடுவுல நம்ம பொண்ணு, ஒண்ணும் தெரியாம.

— அழாத இர்மெலி.

— அழுவேன். இப்பவும் எழுந்து எங்கயாவது போனே, இந்த பிரஷ்ஷாலயே அடிப்பேன்.

— போகல. இங்கதான் உக்காந்திருக்கேன். பாரு, கையைப் பிடிச்சிருக்கேன். ஜெர்மன்காரங்க அதையும் படம் எடுக்கறாங்க.

— எடுத்துட்டுப் போகட்டும். ரெய்யோ, ஒண்ணு கேக்கட்டுமா? உண்மையைச் சொல்லணும். அவளைப் பாக்குறப்போ எப்பவாவது உனக்கு… இவ வேற ஒருத்தன் பிள்ளைன்னு…

— ஒரு தடவை தோணுச்சு. அவளுக்குப் பத்து வயசுல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாளே. அப்ப டாக்டர் வந்து, ‘அப்பா பக்கத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?’ன்னு கேட்டார். இல்லன்னு சொன்னேன். எனக்குத் தெரியாதுங்கறதுதான் நிஜம். அன்னிக்கு முதல் தடவையா அந்த மனுஷனை நினைச்சேன். பொறாமை எல்லாம் இல்ல. அவர்கிட்ட போய், ‘ஐயா, உங்க வீட்டுல யாருக்காவது இருந்திருக்கா?’ன்னு கேக்கணும் போல இருந்தது. அப்புறம் ஒரு நன்றி சொல்லணும் போல இருந்தது.

— இதை நீ நீலோகிட்ட சொல்லணும். இதே வார்த்தையில.

— சொல்றேன். அந்த நடை, அந்தச் சிரிப்பு எல்லாம் ரத்தம் இல்லடா, கூடவே நடந்ததால வந்தது, கூடவே சிரிச்சதால வந்ததுன்னு சொல்றேன். உனக்கும் வரும்டான்னு சொல்றேன். ஆனா முதல்ல அவனுக்கு இல்ல.

— ஆமா. முதல்ல ஹெய்னிக்கு. அவளுக்குத் தெரியாம நீலோவுக்குச் சொன்னா அதைவிடப் பெரிய துரோகம் இல்ல.

— அவ என்னை வெறுத்துட்டா?

— வெறுக்க மாட்டா.

— ‘இத்தனை வருஷம் பொய் சொன்னீங்களே’ன்னு கேட்டா? ‘அப்போ நீங்க யாரு எனக்கு’ன்னு கேட்டா? இர்மெலி, பஸ்ஸை ஒரு தடவை ஐஸ்ல வழுக்கி ஏரி ஓரம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன், அப்பகூட நான் இப்படிப் பயந்ததில்ல.

— எனக்கும்தான் பயம். ஆனா சொல்லிடலாம். அவ சாயங்காலம் வீட்டுக்கு வரப்போ…

— சாயங்காலம் இல்ல. அங்க பாரு. சைக்கிள்ல வரது யாரு?

— அவளேதான். இன்னிக்கு வேலைக்குப் போகலையா?

— அம்மா! அப்பா! வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. தரையில ஒரு கம்பளம்கூட இல்ல. வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடிட்டீங்களோன்னு நினைச்சேன். என்ன, ரெண்டு பேரும் கண்ணு சிவந்து உக்காந்திருக்கீங்க?

— சோப்பு, ஹெய்னி. கம்பளத்துக்குப் போடுற பைன் எண்ணெய் சோப்பு.

— ரெண்டு பேர் கண்ணுலயும் ஒரே நேரத்துல சோப்பு தெறிச்சுதாக்கும். சரி, தள்ளும்மா, நான் தேய்க்கிறேன்.

— அது துவைச்சு முடிச்சதுடி.

— பரவாயில்ல. இன்னொரு தடவை தேய்க்கிறேன்.

— ஹெய்னி, கொஞ்சம் நில்லு. அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— நில்லுங்கப்பா, நான் முதல்ல சொல்லிடறேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கிட்டே வந்தேன். நீங்க ஆரம்பிச்சா எனக்குத் தைரியம் போயிடும். போன கிறிஸ்துமஸ்லேருந்து கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் வருவேன், காபி குடிப்பேன், வானிலையைப் பத்திப் பேசுவேன், திரும்பிப் போயிடுவேன். நூரா என்னைத் திட்டித் தீத்துட்டா. ‘உன் பொண்டாட்டியா உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன், போய்ப் பேசு’ன்னு இன்னிக்கு வீட்டை விட்டே துரத்திட்டா.

— நூராவுக்கு உடம்பு ஏதாவதா?

— இல்லம்மா. நல்லாத்தான் இருக்கா. நாங்க பிள்ளை பெத்துக்கலாம்னு இருக்கோம். கிளினிக்ல செப்டம்பர்ல வரச் சொல்லியிருக்காங்க. நூராதான் சுமக்கப்போறா. என் கர்ப்பப்பையில அந்தக் கட்டி எடுத்தாங்களே, அதனால எனக்கு முடியாதாம். யாரோ ஒருத்தர் குடுக்கிறதை வச்சுத்தான்… அப்பா, ஏன் அப்படிப் பாக்குறீங்க?

— ஒண்ணும் இல்லம்மா. சொல்லு.

— உங்களுக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். ‘நம்ம வம்சத்துப் பிடிவாதம் இவளுக்கு’ன்னு வரவங்க போறவங்ககிட்ட எல்லாம் எவ்வளவு பெருமையா சொல்லுவீங்க. நான் உங்களுக்கு ஒரே பொண்ணு. என்னோட அந்த வம்சம் நின்னுபோயிடும். அதை நினைச்சுத்தான் இத்தனை மாசம் என்னால வாயைத் திறக்க முடியல. அம்மா, நீ ஏன் அழற? இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன்.

— சொல்லி முடி கண்ணு. அப்பா எங்கயும் எழுந்து போகல.

— அந்தக் குழந்தை உடம்புல உங்க ரத்தம் ஒரு சொட்டுகூட இருக்காதுப்பா. இருந்தாலும்… அதுக்கு நீங்க தாத்தாவா இருப்பீங்களா?